லெஃப்ட்ல கல்... ரைட்ல கடல்!

செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா ஹைவேயில் வடக்கு பார்த்து வண்டியை விட்டால், காரனோடை, தச்சூர், பஞ்செட்டி என்று ஊர்கள் ஓடும். அதற்கு அடுத்து ஒரு கூட்டு ரோடு. பெயர் புதுவாயல். நீங்கள் இறங்கியிருக்க மாட்டீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், கன்டெய்னர் லாரி டிரைவர்கள், செவ்வாய்க்கிழமையானால் சிறுவாபுரி முருகனிடம் வீடு கேட்டுப் போகிறவர்கள்... இவங்கதான் இங்கே டீ குடிப்பார்கள். மற்ற எல்லோருக்கும் இது ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஒரு போர்டு.

அடியேன் இந்த ஊர்தான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிடறேன். ஃபர்ஸ்ட் இயர் முதல் நாள் கிளாஸில் 'எந்த ஊர்?' என்று கேட்டபோது 'சென்னை'ன்னு சொன்னவன் நான். சென்ட்ரலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. மாவட்டமே வேற. இருந்தாலும் கூச்சமே இல்லாமல் சொன்னேன். 'புதுவாயல்'னு சொன்னால், 'அது எங்கே இருக்கு?'ன்னு அடுத்த கேள்வி வரும். 'அங்கே என்ன ஃபேமஸ்?'ன்னு அதுக்கடுத்த கேள்வி வரும். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அல்லது, இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன டிசம்பரில் செமஸ்டர் முடிஞ்சதும் எங்க செட் ஆறு பேரும் ரெண்டு நாள் சென்னையைச் சுற்றினோம். மெரினா, மால், தி.நகர், ஒரு படம், நடுவில் மழைக்கு ஒதுங்கின எழும்பூர் மியூசியம். கையில் மிச்சம் ஒரே ஒரு நாள். அன்னிக்கு ராத்திரி எல்லோருக்கும் அவங்கவங்க ஊருக்கு டிரெயின். 'டேய், கடைசி நாள் உங்க ஊர்ப் பக்கம் கூட்டிட்டுப் போடா'ன்னு ஆரம்பிச்சாங்க. கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிச்சு, கவரைப்பேட்டையில் இறங்கி, எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா போட்ட தோசையைக் கணக்கில்லாமல் உள்ளே தள்ளிட்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து பஞ்சாயத்து. நாளைக்கு எங்கே?

எங்க செட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்ப் பேரே பேர். நெல்லை, சேலம், தஞ்சாவூர், கோவை, காரைக்குடி. (காரைக்குடியும் கோவையும் பெண்கள். அம்மா ரூமில் அவங்களுக்குப் படுக்கை போட்டாச்சு. எனக்குக் கிடைச்சது வராண்டா.)

புதுவாயல் கூட்டு ரோட்டில் வடக்கு பார்த்து நின்றால், வலது பக்கம் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. ஏரி, கடல், பறவை, மீன். இடது பக்கம் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டி. அங்கே ஆதிமனிதன் விட்டுப்போன கல். ரெண்டும் ஒரு நாளில் முடியாது. பஸ் மாறி மாறிப் போகணும், சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பணும். ஆக, லெஃப்ட்டா ரைட்டா?

'கடல்தான்'னு ஒரே போடாகப் போட்டான் சேலம். 'மெரினாவில் ரெண்டு நாள் முன்னாடிதானே பார்த்தே?'ன்னா, 'அது கூட்டம். நான் பார்த்தது மனுஷத் தலை. எங்க ஊர்ல மலை இருக்கு, மாம்பழம் இருக்கு, ஸ்டீல் பிளான்ட் இருக்கு, கடல் இருக்காடா?' நியாயமான கேள்வி. படகில் போகணும்னு வேற ஆசை. கோவையும் அவன் கட்சி.

நெல்லைக்குக் கடல் பற்றி அக்கறையே இல்லை. திருச்செந்தூரில் பிறந்ததிலிருந்து குளிச்சவன். காரைக்குடி, மியூசியத்தில் பார்த்த கல்லை மனசில் வெச்சுக்கிட்டு 'லெஃப்ட்'ன்னு கை தூக்கினாள். தஞ்சாவூர்தான் காமெடி. 'எனக்கு வரலாறு காட்டறீங்களா? வீட்டு மாடியில் நின்னா பெரிய கோயில் தெரியும். ராஜராஜன் 1010-ல் கட்டி முடிச்சது. இதைவிடப் பழசா என்னடா வெச்சிருக்கே உங்க ஊர்ல?'ன்னு கடல் பக்கம் சாய்ந்துவிட்டான்.

கணக்கு பாருங்க. ரைட்டுக்கு மூணு, லெஃப்ட்டுக்கு ரெண்டு. மிச்சம் நான். நான் ரைட்டுன்னு சொன்னால் கதை முடிஞ்சது. நான் லெஃப்ட்டுன்னேன். மூணுக்கு மூணு. 'ஊர்க்காரனுக்கு ரெண்டு ஓட்டு'ன்னு ஒரு சட்டத்தை அங்கேயே இயற்றி ஜெயிக்கவும் வெச்சேன். சேலம் எங்கிட்டப் பேசாமல் போர்வையை இழுத்து மூடிக்கிட்டான்.

'வரலாறுடா, தொன்மைடா'ன்னு அன்னிக்கு நான் பெரிய லெக்சர் எல்லாம் கொடுத்தேன். அதெல்லாம் சும்மா. உண்மையான காரணம் வேற. அதை அப்புறம் சொல்றேன்.

ஒண்ணுமே இல்லாத இடம்

காலையில் ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் ஆறு பொட்டலம். பெரியபாளையம் ரோட்டில் முதலில் ஆரணி வரும். பட்டுச்சேலை ஆரணி இல்லை. அது திருவண்ணாமலை மாவட்டம். இது எங்க ஆரணி. அடுத்து பெரியபாளையம். பவானியம்மன் கோயில். ஆடி மாசம் வந்தீங்கன்னா பஸ்ஸே நகராது, வேப்பஞ்சேலை கட்டி வேண்டுதல் செலுத்தும் கூட்டம் ரோடு வரை நிற்கும். டிசம்பரில் அமைதி. பஸ் மாறி ஊத்துக்கோட்டை. மறுபடி பஸ் மாறி பூண்டி.

பூண்டி ஏரியைப் பார்த்ததும் கோவை கொஞ்சம் சமாதானம் ஆனாள். பின்னே? கண்ணுக்கெட்டின வரை தண்ணி. 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டின அணை. இதுக்காகப் பாடுபட்ட சென்னை மேயர் தீரர் சத்தியமூர்த்தி, திறப்பதைப் பார்க்காமலே 1943-ல் இறந்துபோனார். அதனால்தான் சத்தியமூர்த்தி சாகர்ன்னு பேர். 3,231 மில்லியன் கன அடி பிடிக்கும். 1996-லிருந்து கிருஷ்ணா நதி தண்ணியும் ஆந்திராவிலிருந்து கால்வாயில் வந்து இதில்தான் விழுகிறது. 'ரெண்டு நாளா சென்னையில் ஷவர்ல நின்னியே, அதில் கொஞ்சம் இங்கேயிருந்து வந்திருக்கும்'னு சேலத்துக்கிட்டச் சொன்னேன். முறைச்சான்.

ஏரிக்குப் பக்கத்திலேயே தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கு. 1985-ல் ஆரம்பிச்சது. முழுக்க முழுக்கக் கற்காலம். சின்னதுதான். ஆனால், எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த கல்லை, அது கிடைச்ச மண்ணுக்குப் பக்கத்திலேயே பார்ப்பதில் ஒரு கிக் இருக்கு பாருங்க!

இந்த இடத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்கிற ஆளைப் பற்றிச் சொல்லியாகணும். புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லைக் கையில் எடுத்தார். 'இது தானா உடைஞ்ச கல் இல்லை, யாரோ உடைச்ச கல்'னு அவருக்குப் பட்டது. கைக்கோடரி. அப்போ அவருக்கு வயசு 28. நம்மைவிட எட்டு வயசு கூட, அவ்வளவுதான். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் ஆதாரம் அது. அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங் என்கிற சக ஊழியரோடு வந்து அவர் கண்டுபிடிச்ச இடம்தான், பூண்டிப் பக்கத்தில் இருக்கிற அத்திரம்பாக்கம். பிற்பாடு அவர் சேகரிச்ச கற்களை எல்லாம் 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. முந்தா நாள் நாங்க மழைக்கு ஒதுங்கின அதே எழும்பூர்! காரைக்குடி 'நான் சொன்னேன்ல?' என்று எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

அப்படியே அத்திரம்பாக்கம் போனோம். அங்கே என்ன இருந்ததுன்னு கேட்கறீங்களா? ஒண்ணுமே இல்லை.

பொய் சொல்லலை. கோபுரம் இல்லை, கோட்டை இல்லை, செல்ஃபி எடுக்கத் தூண் இல்லை. முள்ளுச் செடி, மழைத் தண்ணி அறுத்த ஓடை, சிவப்பு மண், அதில் இறைஞ்சு கிடக்கிற கூழாங்கல். தூரத்தில் ஆடு மேய்க்கிற ஒரு தாத்தா. தஞ்சாவூர் இடுப்பில் கை வெச்சு நின்னு, 'இதுக்காடா பஸ் மேல பஸ் ஏறி வந்தோம்?' என்றான். எனக்குத் தரையில் புதைஞ்சுக்கலாம் போலிருந்தது.

ஆனால், அந்த ஒண்ணுமில்லாத இடத்தில் என்ன நடந்திருக்குன்னு கேளுங்க. தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு குழுவினர் 1999-லிருந்து இங்கே பல மீட்டர் ஆழம் தோண்டி, அடுக்கு அடுக்காக ஆராய்ச்சி செய்தார்கள். அடி அடுக்கில் கிடைச்ச கைக்கோடரிகளின் வயசு சுமார் 15 லட்சம் ஆண்டுகள். எப்படிக் குறைச்சுப் பார்த்தாலும் 10 லட்சத்துக்குக் கீழே வராது. 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மேலே இருக்கிற அடுக்குகளில் வேற மாதிரி, இன்னும் சின்னதான, நுணுக்கமான கருவிகள்: 7,200-க்கும் மேலே. அதில் பழையது சுமார் 3,85,000 வருஷம். இது 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அந்த வகைக் கருவி இந்தியாவுக்கு வந்ததே ஒண்ணேகால் லட்சம் வருஷத்துக்கு இந்தப் பக்கம்தான்னு அதுவரை பலர் நினைச்சிருந்தார்கள். செஞ்சது யார்? தெரியாது. இந்த அடுக்குகளில் மனுஷ எலும்பு ஒண்ணுகூடக் கிடைக்கலை.

'பதினஞ்சு லட்சம்னு எப்படிடா சொல்றாங்க? கல்லுல டேட் ஆஃப் பர்த் எழுதியிருக்கா?' இது நெல்லை. நல்ல கேள்வி. நம்ம பிசிக்ஸ் பேப்பர்ல பார்த்த சமாசாரம்தான். வெட்டவெளியில் கிடக்கிற கல்லில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் படும். அப்போ, அதில் இருக்கிற குவார்ட்ஸுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று ரெண்டு கதிரியக்கப் பொருள் கொஞ்சூண்டு உருவாகும். அந்தக் கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைஞ்சதும் கதிர் படாது, புதுசா உருவாகிறது நின்னுடும். இருக்கிறது மட்டும் சிதைஞ்சுக்கிட்டே வரும். அலுமினியம் பாதியாகச் சுமார் 7 லட்சம் வருஷம். பெரிலியம் பாதியாகச் சுமார் 14 லட்சம் வருஷம். ஒரே நேரத்தில் ஏத்தின ரெண்டு ஊதுபத்தியில் ஒண்ணு சீக்கிரம் எரியும், ஒண்ணு மெதுவா எரியும்னு வெச்சுக்கோங்க. நடுவில் நுழைஞ்சு ரெண்டும் எவ்வளவு மிச்சம்னு பார்த்தாலே, ஏத்தி எவ்வளவு நேரமாச்சுன்னு சொல்லிடலாம் இல்லையா? அதே டெக்னிக். கல் புதைஞ்சு எவ்வளவு நாளாச்சுன்னு அதுவே சொல்லும்.

இதை மண்ணில் குச்சியால் வரைஞ்சு விளக்கினேன். என் வாழ்க்கையிலேயே ஐந்து பேர் என் பேச்சைத் தொடர்ந்து பத்து நிமிஷம் கேட்டது அப்போதான். தஞ்சாவூர் மட்டும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தான். 'பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம். இது... ஆயிரத்து ஐந்நூறு பெரிய கோயில் வயசு' என்றான். அப்புறம் அவன் கிண்டல் பண்ணவே இல்லை.

கிளம்பும்போதுதான் கலாட்டா. நெல்லை பேக் பாக்கெட் புடைச்சுக்கிட்டு இருந்தது. என்னடான்னு பார்த்தா, ஓடையில் கிடந்த ஒரு கல். ஒரு பக்கம் கூராக, உள்ளங்கையில் கச்சிதமாக உட்காருகிற சைஸ். கைக்கோடரியா, சும்மா கூழாங்கல்லா, எங்க யாருக்கும் சொல்லத் தெரியாது. 'ஒரு ஞாபகார்த்தமா இருக்கட்டுமேடா. இங்கே ஆயிரம் கிடக்கு.' எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. 'லேப்ல ரீடிங்கை அழிச்சுட்டு ஆன்சர் மட்டும் எழுதினா மார்க் போடுவாங்களா? எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்ததுங்கறதுதான்டா அந்தக் கல்லோட ரீடிங். உன் ஹாஸ்டல் ஷெல்ஃபுக்கு வந்துட்டா அது பேப்பர் வெயிட்!' கத்திட்டேன். ஆடு மேய்க்கிற தாத்தா திரும்பிப் பார்த்தார். நெல்லைக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஒண்ணும் பேசாமல் திரும்பி நடந்து, எடுத்த இடத்தில் வெச்சுட்டு வந்தான். அதே இடமான்னு கேட்டா, ஒரு அடி முன்னே பின்னே இருக்கலாம்.

திரும்புகிற பஸ்ஸில் தஞ்சாவூர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். 'இதை ஊர் பக்கத்துல வெச்சுக்கிட்டாடா சென்னை, சென்னைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே?' பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தேன். சேலம் கடைசி சீட்டில் தூங்கிக்கிட்டிருந்தான். தூங்கற மாதிரி நடிச்சான்னும் சொல்லலாம்.

சொல்லாமல் விட்டது

இப்போ அந்தக் காரணம். 2011 டிசம்பர் 25. எனக்கு ஆறு வயசு. கிறிஸ்துமஸ் லீவுக்குப் பழவேற்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறின படகு ஏரியில் கவிழ்ந்தது. 22 பேர் இறந்துபோனார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அன்னிக்கு சாயங்காலம் எங்க தெருவில் யார் வீட்டிலும் டிவி சத்தத்தைத் தவிர வேற சத்தம் இல்லை. அம்மா என்னை மடியில் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. ஏன் அவ்வளவு இறுக்கமாகன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது. அதே வருஷம் மே மாச லீவில் நாங்களும் அந்த ஏரியில் படகில் போயிருந்தோம். சொந்தக்காரங்க எல்லாம் சேர்த்து ஒரு பதினைந்து பேர். ஒருத்தர் மேலேயும் லைஃப் ஜாக்கெட் கிடையாது. போட்டோகூட இருக்கு, எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருக்கோம்.

அந்த விபத்துக்கு அப்புறம் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். ஆனாலும், மாடியில் சேலம் 'படகு'ன்னு சொன்ன அந்த நொடியில் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. அதைச் சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளின்னு கலாய்ப்பாங்களேன்னு 'வரலாறு'ன்னு சொல்லி ஜெயிச்சுட்டேன். ஃபுட் துரை மேல சத்தியமாக, அன்னிக்கு ராத்திரி வரை அத்திரம்பாக்கம் மேல எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை.

பொங்கல் முடிஞ்சு ஹாஸ்டல் திரும்பின முதல் ஞாயிற்றுக்கிழமை, சேலத்துக்கு ஒரு போன். 'வா, ரைட்ல போகலாம்.' மத்தவங்களும் ஒட்டிக்கிட்டாங்க.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ். வயல், இறால் பண்ணை, அப்புறம் திடீர்னு மீன் வாசனை. இறங்கின உடனே ஏரிக்கு ஓடாதீங்க. முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டம் பாருங்க. வாசலில் ரெண்டு பக்கமும் கல்லில் செதுக்கின எலும்புக்கூடு நின்னு வரவேற்கும்! உள்ளே கடல் கடந்து வந்து இங்கேயே மண்ணாகிப்போன வியாபாரிகள், அதிகாரிகள். ஒவ்வொரு கல்லிலும் பூவேலை, குலச் சின்னம், கப்பல். சேலம் ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புரியாத டச்சு எழுத்தை விரலால் தடவிக்கிட்டே இருந்தான்.

டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினது 1613-ல். இங்கிலீஷ்காரன் மதராஸில் இடம் வாங்கினது 1639-ல். அதாவது, நாம பெருமையாக 'சென்னை டே' கொண்டாடறோமே, அந்தச் சென்னைக்கு இந்தக் கோட்டை 26 வயசு அக்கா. சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைநகரம் இதுதான், 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை. இங்கிருந்து போன கட்டம் போட்ட துணிக்கு வெளிநாட்டில் ஊர்ப் பேரே பேர்: 'புலிகாட்'. வெடிமருந்து ஆலையும் இருந்தது. துணி மட்டும் போகலை என்பதையும் சொல்லணும். 17-ம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோத்துக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட நம்ம ஜனங்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றி, பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். இப்போ அந்தக் கோட்டை எங்கேன்னு தேடினால், முள்ளுக்காடும் மேடும்தான். கோவை சொன்னாள்: 'இங்கேயும் ஒண்ணுமில்லையா? உங்க ஏரியாவே இப்படித்தானா?'

ஏரிக்கரைக்கு வந்தோம். சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நமக்கு. வடக்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் இந்தக் கரையில் நின்னே பார்க்கலாம். அன்னிக்கு ராக்கெட் இல்லை, பூநாரை இருந்தது. ரொம்ப தூரத்தில், தண்ணிக்கு மேல ரோஸ் கலர்ல ஒரு கோடு. முதலில் சேலம் நம்பலை. அந்தக் கோடு எழுந்து, வளைஞ்சு, மறுபடி உட்கார்ந்ததும் 'டேய்... டேய்...'ன்னு என் கையைப் பிடிச்சு உலுக்கினான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்தக் காட்சிக்கு நல்ல சீசன். மே மாசம் வந்துட்டு என்னைத் திட்டாதீங்க.

அப்போதான் கேட்டான். 'படகுல கிட்டப் போய்ப் பார்க்க முடியாதா?'

சொல்லிட்டேன். டிசம்பர் 25, டிவி, அம்மா மடி, அந்த போட்டோ, மாடியில் போட்ட பொய் ஓட்டு... எல்லாத்தையும். சேலம் கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம், 'இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே லெஃப்ட்டுக்குக் கை தூக்கியிருப்பேன்ல? ஒரு மாசமா உன் மேல காண்டுல இருந்தேன்டா' என்றான். கலாய்ப்பான்னு நினைச்சேன். கலாய்க்கலை. நெல்லைதான் 'என் கல்லுக்கு மட்டும் அந்தக் கத்து கத்தினே?' என்று சந்தடி சாக்கில் பழி தீர்த்துக்கிட்டான்.

படகு வேண்டாம்னு சொன்னால் கடல் இல்லைன்னு அர்த்தமில்லை. ஏரி மேலே பாலம் இருக்கு. அதைத் தாண்டினால் கலங்கரை விளக்கம், மீனவர் குப்பம், அதுக்கப்புறம் கடல். மெரினா மாதிரி இல்லை. ஆள் அரவம் இல்லாத மணல். அலை முரட்டுத்தனமானது, முட்டிக்கு மேல இறங்காதீங்க. சேலம் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் அப்படியே நின்னான். நாங்க யாரும் கூப்பிடலை. திரும்பும்போது காரைக்குடி, ஊரில் பெண்கள் முடைகிற பனை ஓலைக் கூடை ஒண்ணு வாங்கினாள். நாங்க மீன் வறுவலில் சொத்தை அழிச்சோம்.

எது பெஸ்ட்?

'ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்'னு மழுப்பமாட்டேன். சென்னையில் ரெண்டு மூணு நாள் சுற்றிட்டு, கையில் ஒரே நாள் மிச்சம் இருந்தால், லெஃப்ட்தான் என் ஓட்டு. இந்தத் தடவை பொய் ஓட்டு இல்லை. ஏன்னா, கடலை நீங்க எப்படியும் தேடிப் போயிடுவீங்க. கடலுக்கு யாரும் சிபாரிசு பண்ண வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு மண் ஓடைக்கு யாராவது கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனால்தான் உண்டு. ஆனால், எழும்பூரில் ஃபுட்டோட கல்லைப் பார்க்காமல், ரெண்டு பக்கம் படிக்காமல் போனீங்கன்னா, தஞ்சாவூர் மாதிரி இடுப்பில் கை வெச்சு நிற்பீங்க. தயாராகாமல் போகிற டைப்பா நீங்க? ரைட்ல திரும்பிடுங்க. பூநாரைக்கு லெக்சர் தேவையில்லை.

கடலே இல்லாத ஊரிலிருந்து ஒருத்தர் உங்க செட்டில் இருந்தால், அந்தச் சட்டம் செல்லாது. அவங்களுக்குத்தான் ரெண்டு ஓட்டு. இது சேலத்துக்கு நான் கட்டுகிற அபராதம்.

இன்னொரு சமாசாரம். ஆந்திர மலையில் புறப்படுகிற ஆரணி ஆறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக எங்க பக்கம் வந்து, பொன்னேரியைத் தொட்டுக்கிட்டு, பழவேற்காடு ஏரியில்தான் போய் விழுகிறது. நாங்க ஆறு பேர் ஒரு மாடியில் சண்டை போட்ட லெஃப்ட்டையும் ரைட்டையும் இந்த ஆறு பஸ் மாறாமலே இணைச்சுட்டுப் போயிட்டிருக்கு. இருபது வருஷமாக அந்தப் பாலத்தைத் தாண்டிப் போறேன். இந்த ஜனவரியில்தான், அது எங்கே போகுதுன்னு யோசிச்சேன்.

போன வாரம் காரைக்குடியிடமிருந்து மெசேஜ். பூண்டிக்கு அந்தப் பக்கம் குடியம் குகைன்னு இருக்காமே, அங்கேயும் ஆதிமனிதன் இருந்திருக்கானாமே, எப்போ போகலாம்? இருக்கு. முள்ளுக்காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் நடக்கணும், வனத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கணும், தண்ணி நாமதான் சுமக்கணும். இப்போ அடிக்கிற வெயிலில் வேண்டாம், மழை ஆரம்பிக்கட்டும்னு பதில் போட்டிருக்கேன். நெல்லையும் வர்றானாம். பேக்கைச் செக் பண்ணிட்டுத்தான் பஸ் ஏத்துவேன்னு சொல்லியிருக்கேன்.